முள் ஒன்று சொல்லும், கல் ஒன்று சொல்லும்

போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன்: "உங்கள் பைக் மீட்டர் 60 காட்டும்போது நீங்கள் பெரும்பாலும் 60-ல் போவதில்லை." அவ்வளவுதான். அதற்கு வந்த கடிதங்களை ஆசிரியர் ஒரு கட்டாகக் கட்டி அனுப்பிவிட்டு, "இந்த மாதம் மீட்டர் மட்டும் போதும்" என்றார். எனக்குக் கசக்குமா? கோவை உக்கடம் பக்கத்தில் 34 வருடமாக மீட்டர் பழுதுபார்க்கும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவன் நான். மீட்டர் பேச்சு வந்தால் இவருக்கு நிறுத்தத் தெரியாது என்று வீட்டில் கேலி செய்வார்கள். பார்ப்போம்.

அண்ணா, என்னுடையது 125 சிசி பைக். மீட்டர் 60 காட்டும்போது போன் ஜிபிஎஸ் 54 காட்டுகிறது. எது பொய்? மீட்டரைச் சரி செய்ய வேண்டுமா? – கல்லூரி மாணவர், உடுமலை

பொய் சொல்வது மீட்டர்தான் தம்பி. ஆனால் கம்பெனிக்காரன் தெரிந்தேதான் அதைப் பொய் சொல்ல வைத்திருக்கிறான்.

ஸ்பீடோமீட்டருக்கு ஐ.நா.வின் வாகன விதிகளில் 39-ஆம் எண் விதி என்று ஒன்று இருக்கிறது. பல நாடுகள் அதைத்தான் பின்பற்றுகின்றன. உண்மையான வேகத்தைவிட மீட்டர் ஒருநாளும் குறைத்துக் காட்டக் கூடாது என்பது அதன் சாரம். கூட்டிக் காட்டலாம், அதற்கும் ஒரு வரம்பு உண்டு. மோட்டார் சைக்கிளுக்கு அந்த வரம்பு உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கு, அதோடு இன்னும் 8 கிலோமீட்டர். உங்கள் கணக்குக்கு 54-ல் பத்தில் ஒரு பங்கு 5.4, அதோடு 8 சேர்த்தால் 13.4. ஆக, நீங்கள் 54-ல் போகும்போது மீட்டர் 67 வரை காட்டினாலும் அந்த விதிப்படி குற்றமில்லை. உங்களுடையது 60-தான் காட்டுகிறது. நல்ல பிள்ளை.

ஏன் இப்படி ஓரவஞ்சனை? ஒரே மாடலில் ஆயிரம் வண்டி செய்தால் ஆயிரம் மீட்டரும் அச்சாக ஒன்றுபோல் வராது. டயர் புதிதாக இருக்கும்போது சக்கரம் கொஞ்சம் பெரிது, தேய்ந்தால் சிறிது. இதில் எந்த மீட்டரும் தவறிக்கூட கீழே போய்விடக் கூடாது என்றால், எல்லாவற்றையும் கொஞ்சம் மேலே தூக்கி வைப்பதுதான் வழி.

ஜிபிஎஸ் பார்த்த விதத்தையும் கேட்டுக்கொள்கிறேன். ஆக்சிலரேட்டரைத் திருகிக்கொண்டே போனைப் பார்த்தால் போன் எப்போதும் ஒன்றிரண்டு விநாடி பின்தங்கித்தான் இருக்கும். நேரான, மேடு பள்ளமில்லாத ரோட்டில் மீட்டர் முள்ளை 60-ல் வைத்து, இருபது விநாடி அசையாமல் ஓட்டி, அதன் பிறகு வரும் எண்ணைத்தான் நம்ப வேண்டும். போனை நீங்கள் பார்க்காதீர்கள். பின்னால் ஒரு நண்பரை உட்கார வைத்து அவரைப் படிக்கச் சொல்லுங்கள்.

போனெல்லாம் வருவதற்கு முன்னாலும் நாங்கள் மீட்டர் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். அந்த முறையையும் சொல்கிறேன், ஏனென்றால் ஜிபிஎஸ் சொல்லாத ஒன்றை அது சொல்லும். நெடுஞ்சாலையில் கிலோமீட்டர் கல் இருக்கிறதல்லவா, அதுதான் கருவி. நான் வண்டியை நீலாம்பூரிலிருந்து மதுக்கரை போகிற பைபாஸுக்கு ஓட்டிப் போவேன். ஒரே ஒரு கிலோமீட்டரை நம்ப மாட்டேன். ரோட்டை அகலப்படுத்தும்போது கல்லைப் பிடுங்கித் தள்ளி நட்டிருப்பார்கள். ஐந்து கல் தாண்டுகிற வரை ஓட்டினால் அந்தப் பிசகு கரைந்துவிடும். முள்ளை 50-லேயே நிறுத்தி ஐந்து கிலோமீட்டர் போனால் சரியாக 6 நிமிடம், அதாவது 360 விநாடி ஆக வேண்டும். 400 விநாடி ஆனால் உங்கள் உண்மை வேகம் 45.

இப்போதுதான் முக்கியமான இடம். அதே ஐந்து கல்லுக்கு, கிலோமீட்டர் எண் ஓடுகிறதே அந்தக் கட்டம், அது எவ்வளவு ஓடியிருக்கிறது என்று பாருங்கள். முள் வைத்த மீட்டரில் ஒரு டப்பாவுக்குள் இரண்டு கருவிகள் இருக்கின்றன. தூரம் காட்டும் எண் சக்கரங்கள் முழுக்கப் பல்சக்கரத்தில் ஓடுபவை. பல் எண்ணிக்கை மாறாது, அதனால் அது பொய் சொல்லாது. முள் வேறு ஜாதி. அது காந்தத்திலும் ஒரு மயிரிழை ஸ்பிரிங்கிலும் நிற்பது. தூரம் சரியாக 5.0 ஓடியிருந்து, முள் மட்டும் கூட்டிக் காட்டினால் விஷயம் முள்ளோடு முடிந்தது. தூரமும் 5.5 என்று ஓடியிருந்தால் கோளாறு மீட்டர் டப்பாவுக்குள்ளேயே இல்லை. கீழே, சக்கரத்தில். டயரோ, சக்கரச் சுற்றைக் கேபிளுக்குக் கொடுக்கும் பல் ஜோடியான மீட்டர் வாமோ பொருந்தாமல் இருக்கிறது. இதைப் பார்க்காமல் மீட்டரைத் திறக்கிறவன் கையில் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

உங்களுக்கு என் யோசனை: தூரம் மட்டும் சோதித்துப் பாருங்கள். சரியாக இருந்தால் மீட்டரைத் தொட வேண்டாம்.

ஐயா, என் 350 புல்லட்டில் முன் டயர் 90/90-19 இருந்தது. 100/90-19 போட்டுவிட்டேன். மைலேஜ் குறைந்துவிட்டது போலத் தெரிகிறது. மீட்டரும் மந்தமாக ஏறுகிறது. – பெருந்துறை வாசகர்

மைலேஜ் குறையவில்லை, கணக்கு குறைந்திருக்கிறது.

90/90-19 என்றால் 90 மில்லிமீட்டர் அகலம், அதில் 90 சதவீதம் உயரம், 19 இஞ்ச் ரிம். உயரம் 81 மில்லிமீட்டர். மேலும் கீழுமாக இரண்டு தடவை, 162. ரிம் 483 மில்லிமீட்டர். மொத்தம் 645. புது டயருக்கு இதே கணக்கைப் போட்டால் 663. உங்கள் முன் சக்கரம் கிட்டத்தட்ட 2.8 சதவீதம் பெரிதாகிவிட்டது. பெரிய சக்கரம் ஒரு கிலோமீட்டருக்குக் குறைவான சுற்றுத்தான் சுற்றும். மீட்டர் பாவம், அதற்குச் சுற்று மட்டும்தான் தெரியும். ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினால் 973 என்றுதான் எழுதும். முன்பு லிட்டருக்கு 35 கொடுத்த வண்டி இப்போது 34 கொடுப்பதாகத் தெரியும்.

இதெல்லாம் மீட்டர் இழுப்பு முன் சக்கரத்தில் இருந்தால்தான். முன் சக்கர அச்சிலிருந்து கேபிளோ ஒயரோ மேலே போகிறதா என்று குனிந்து ஒருமுறை பாருங்கள்.

டயர் எழுத்தை வைத்துப் போடும் கணக்கு ஓர் உத்தேசம்தான். ஆள் ஏறினால் டயர் அமுங்கும். நிஜ அளவு வேண்டுமென்றால் சாக்பீஸ் போதும். காற்றைச் சரியாக அடித்துவிட்டு, டயரில் ஒரு கோடு, தரையில் ஒரு கோடு. நீங்கள் வண்டி மேல் உட்கார்ந்துகொள்ளுங்கள், இன்னொருவர் நேராகத் தள்ளட்டும். டயர்க் கோடு மறுபடி தரையைத் தொடும் இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் இடையே டேப் வையுங்கள். ஒரு சுற்றுக்குப் பதில் ஐந்து சுற்று தள்ளி ஐந்தால் வகுத்தால் இன்னும் நல்லது. வண்டியில் ஆள் இல்லாமல் அளந்தால் சில மில்லிமீட்டர் கூட வரும்.

மீட்டர் ஏற்கெனவே கூட்டிக் காட்டிக்கொண்டிருந்தால் இந்த 2.8 சதவீதம் உங்களுக்கு லாபமாகக்கூட இருக்கலாம். 60-க்கு 63 காட்டியது இப்போது 61 காட்டும். கல்லில் ஓட்டிப் பார்த்து, உண்மை வேகத்துக்குக் கீழே போகவில்லை என்றால் விட்டுவிடுங்கள். மட்கார்டில் உரசுகிறதா என்பதை மட்டும் மழைக்காலத்துக்கு முன் பாருங்கள். சேறு அப்பினால் உரசும்.

ஸ்கூட்டர் மீட்டர் முள் 20-க்கும் 40-க்கும் நடுவே தாளம் போடுகிறது. "கிர்... கிர்" என்று சத்தமும் வருகிறது. மீட்டரையே மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். – ஆசிரியை, தாராபுரம்

டீச்சர், மீட்டரை மாற்றாதீர்கள். பத்தில் எட்டு தடவை இது கேபிள்தான்.

கேபிளுக்குள் முறுக்கிய கம்பி ஒன்று சுழல்கிறது. எண்ணெய் வற்றினால், அல்லது ஹேண்டில் பக்கம் எங்காவது கேபிள் மடங்கியிருந்தால், கம்பி சீராகச் சுற்றாது. சிக்கிக்கொண்டு முறுக்கு ஏறும், பட்டென்று விடும், மறுபடி சிக்கும். முள் அதை அப்படியே ஆடிக் காட்டுகிறது. உள் கம்பியை உருவி, மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, விரலில் கிரீஸ் தொட்டு மெல்லத் தடவி, மறுபடி செருக வேண்டும். கம்பியில் ஒரு நார் பிரிந்திருந்தாலும் புதுக் கேபிள் போட்டுவிடுங்கள். ஒரு பிரியாணி விலைக்கு மேல் போகாது.

கிரீஸ் விஷயத்தில் என் மானம் போன கதை ஒன்று உண்டு. பெஞ்சில் சேர்ந்து மூன்றாம் மாதம். ஒரு ஸ்கூட்டர் கேபிளுக்கு நுனி முதல் அடி வரை கொழுகொழுவென்று கிரீஸ் பூசி மாட்டி அனுப்பினேன். முதலாளி பாராட்டுவார் என்று நினைப்பு. நான்காம் நாள் வண்டிக்காரர் வந்து வாசலிலேயே ஸ்டாண்ட் போட்டார். "ஏந்தம்பி, எறங்கி நிக்கறேன், வண்டி நாப்பதுல போகுது பாரு" என்றார். எட்டிப் பார்த்தால் முள் நிஜமாகவே 40-ல் நிற்கிறது. சுழலும் கம்பி திருகாணி மாதிரி. கிரீஸை மேலே மேலே ஏற்றி மீட்டருக்குள் கொண்டுபோய்விட்டது. காந்தத்துக்கும் அதைச் சுற்றியிருக்கும் அலுமினியக் கிண்ணத்துக்கும் நடுவே இருக்க வேண்டியது காற்று. அங்கே கிரீஸ் போய் இரண்டையும் ஒட்டிவிட்டது. அந்த மீட்டரைத் திறந்து பெட்ரோலில் கழுவி, மறுபடி சரிக்கட்ட எனக்கு ஒரு முழு நாள் ஆனது. கூலி வாங்கவில்லை. அன்றிலிருந்து கேபிளின் மேல் நுனியில் நான்கு விரல் அளவுக்குக் கிரீஸே தொட மாட்டேன்.

ஆகவே உங்கள் மெக்கானிக்கிடம் இந்த நான்கு விரல் கணக்கையும் சொல்லிவிடுங்கள்.

யூடியூப் பார்த்து நானே மீட்டரைத் திறந்து, முள்ளைப் பிடுங்கி ஜிபிஎஸ்ஸுக்குச் சரியாக வைத்தேன். 60-ல் அச்சாக இருக்கிறது. ஆனால் ஊருக்குள் போகும்போது குறைவாகக் காட்டுகிற மாதிரி இருக்கிறது. ஏன் அண்ணா? – பனியன் கம்பெனி ஊழியர், திருப்பூர்

மாதிரி இல்லை தம்பி, நிஜமாகவே குறைத்துக் காட்டுகிறது. உங்கள் கடிதத்தில் பழைய அளவுகளையும் எழுதியிருந்தீர்கள், அதற்கு ஒரு சபாஷ். உண்மை வேகம் 20-க்கு 22, 40-க்கு 44, 60-க்கு 66. அதாவது எல்லா இடத்திலும் பத்து சதவீதம் கூட. நீங்கள் முள்ளை 6 கோடு பின்னால் நகர்த்தி வைத்தீர்கள். 66 இருந்த இடம் 60 ஆனது. ஆனால் 44 இருந்த இடம் 38 ஆனது. 22 இருந்த இடம் 16. பள்ளிக்கூட வாசலில் நீங்கள் 40-ல் போகும்போது மீட்டர் 38 என்கிறது. 80-ல் போனால் 82 என்று இன்னமும் கூட்டிச் சொல்கிறது. பத்து சதவீதத் தப்பு அப்படியே இருக்க, அதன் மேல் ஆறு கிலோமீட்டர் தப்பையும் ஏற்றிக்கொண்டீர்கள்.

இது ஏன் என்று புரிய மீட்டருக்குள் போக வேண்டும். கேபிளின் நுனி ஒரு வட்டக் காந்தத்தைச் சுற்றுகிறது. காந்தத்தைத் தொடாமல் அதைச் சுற்றி ஓர் அலுமினியக் கிண்ணம். அலுமினியம் காந்தத்தில் ஒட்டாது, உங்களுக்கே தெரியும். ஆனால் காந்தம் சுற்றும்போது கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் பிறக்கிறது, அது கிண்ணத்தைக் காந்தத்தின் பின்னாலேயே இழுக்கிறது. வேகம் கூடக் கூட இழுப்பும் கூடும். கிண்ணம் முழுக்கச் சுற்றிவிடாமல் ஒரு மயிரிழை ஸ்பிரிங் பிடித்து நிறுத்துகிறது. இழுப்பும் பிடிப்பும் சமமாகும் இடத்தில் முள் நிற்கிறது. 1902-இல் ஸ்டிராஸ்பர்க் நகரத்து ஓட்டோ ஷூல்சே காப்புரிமை வாங்கிய ஏற்பாடு இது. நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் கேபிள் மீட்டர்களில் இதேதான் ஓடுகிறது. அதனால்தான் எனக்கு இந்தத் தொழில் சலிப்பதில்லை.

இப்போது தப்புகளைப் பிரிக்கலாம். எல்லா வேகத்திலும் ஒரே அளவு, உதாரணமாக எங்கும் 4 கிலோமீட்டர் கூட என்றால், கோளாறு முள் உட்கார்ந்த இடத்திலோ ஸ்பிரிங்கின் வெளி நுனியைப் பிடித்திருக்கும் கையிலோ. அதை நகர்த்தினால் போதும். ஆனால் உங்களுடையது போல வேகத்தோடு சேர்ந்து வளர்கிற தப்பு என்றால் அது காந்தத்தின் பலம். முள்ளை எத்தனை தடவை பிடுங்கி வைத்தாலும் அது மாறாது. காந்தத்தின் பலத்தைக் கொஞ்சம் இறக்க வேண்டும். குறைத்துக் காட்டும் பழைய மீட்டர் என்றால் ஏற்ற வேண்டும்.

என் பெஞ்சில் என்ன செய்கிறேன் என்றால், தையல் மெஷின் மோட்டார் ஒன்று, வேகத்தைக் கால் பெடலில் கூட்டிக் குறைக்கலாம். அதிலிருந்து பெல்ட் போட்டு வேகம் குறைத்து ஒரு சிறிய தண்டு. தண்டின் நுனியில் கேபிள் நுனி போலவே சதுரக் கட்டை. அருகில் சுற்று எண்ணும் டேக்கோமீட்டர். உங்கள் மீட்டர் டயலில் கீழே பூதக்கண்ணாடி வைத்துத் தேடினால் 1400 என்று ஒரு பொடி எண் இருக்கக்கூடும். ஜப்பான் வழி வந்த பைக் மீட்டர்களுக்கு அதுதான் வழக்கமான எண். கேபிள் ஒரு கிலோமீட்டருக்கு 1400 சுற்றுச் சுற்ற வேண்டும் என்று அர்த்தம். 60-ல் போனால் நிமிடத்துக்கு ஒரு கிலோமீட்டர். ஆகவே 1400 சுற்றில் முள் 60-க்கு வர வேண்டும். 933-இல் 40, 467-இல் 20, 1867-இல் 80. இந்த நான்கு எண்ணையும் பெஞ்சுக்கு மேலே சுவரில் பெயிண்டில் எழுதி வைத்திருக்கிறேன். பெயிண்ட் மங்கிவிட்டது, எண் மனசில் இருக்கிறது.

நான்கு இடத்திலும் ஓட்டி எழுதிக்கொள்வேன். தப்பு வளர்கிற ஜாதி என்றால், பழைய டிரான்ஸ்பார்மர் கம்பியில் நான் சுற்றிய ஒரு கம்பிச்சுருள் இருக்கிறது. அதில் வீட்டுக் கரண்ட், அதாவது ஏசி, ஒரு நொடி காட்டினால் காந்தம் துளி இறங்கும். ஒரே ஒரு நொடிதான். மறுபடி பெஞ்சில் ஓட்டு, பார், மறுபடி ஒரு நொடி. அவசரப்பட்டு இரண்டு நொடி காட்டினால் மீட்டர் படுத்துவிடும், பிறகு டிசி கொடுத்து ஏற்றிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். 60-க்கு 62-இல் நிறுத்துவேன். அதற்குக் கீழே கொண்டுபோகச் சொன்னால் மாட்டேன்.

முள்ளைப் பிடுங்கும்போது ஒன்று மறந்திருப்பீர்கள். பூஜ்யத்தில் ஒரு சின்ன ஆணி முள்ளைத் தடுத்து நிற்கும். முள்ளை நோகாமல் தூக்கி அந்த ஆணிக்கு இந்தப் பக்கம் விட்டால், ஸ்பிரிங் அதைப் பூஜ்யத்துக்கும் கீழே கொண்டுபோய் நிறுத்தும். அந்த இடத்தில் டயலில் பென்சில் புள்ளி வைத்த பிறகே முள்ளைக் கழற்ற வேண்டும். திரும்ப வைக்கும்போது அந்தப் புள்ளியில் வைத்து, பிறகு ஆணிக்கு மேலே ஏற்ற வேண்டும். புள்ளி இல்லாமல் வந்த மீட்டரைப் பெஞ்சில் சுற்ற வைத்துத்தான் மீட்க முடியும். இரண்டு ஸ்பூன் வைத்து நெம்பினேன் என்று எழுதியிருந்தீர்கள். ஸ்பூன் சரி, புள்ளிதான் போயிற்று. கொண்டு வாருங்கள்.

வேகக் கேமராவில் 67 என்று அபராதம் வந்துவிட்டது. அந்த இடத்தில் என் மீட்டர் 60-க்கு மேல் போகவே இல்லை, சத்தியம். போன மாதம்தான் மீட்டர் வாம் உடைந்து புதிதாகப் போட்டேன். – நாமக்கல் வாசகர்

உங்கள் கடைசி வரியிலேயே பதில் இருக்கிறது.

மீட்டர் வாம் என்பது முன் சக்கர அச்சில் இருக்கும் சிறிய பல் ஜோடி. சக்கரச் சுற்றைக் கேபிள் சுற்றாக மாற்றுவது அதுதான். வெளிப் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் வாம்கள் பல் எண்ணிக்கையில் வேறாக இருக்கும். கடையில் "இது உங்க வண்டிக்கும் சேரும்" என்பார்கள். சேரும், மாட்டிக்கொள்ளும், ஓடவும் ஓடும். கணக்கு மட்டும் சேராது.

வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். கேபிளை மீட்டர் பக்கம் கழற்றி, வெளியே தெரியும் உள் கம்பியில் இன்சுலேஷன் டேப் ஒரு சிறு கொடி மாதிரி ஒட்டுங்கள். முன் சக்கரத்தைப் பத்து சுற்றுச் சுற்றுங்கள். கொடி எத்தனை முறை சுற்றியது என்று ஒருவர் எண்ணட்டும். சக்கரச் சுற்றளவு 1.86 மீட்டர் என்றால் கிலோமீட்டருக்கு அது சுமார் 537 தடவை சுற்றும். 1400-ஐ 537-ஆல் வகுத்தால் 2.6. ஆக, சக்கரம் பத்து சுற்றினால் கொடி 26 சுற்ற வேண்டும். இதே போல என்னிடம் வந்த ஒரு வண்டியில் 23½ தான் வந்தது. கணக்குப் போட்டால் பத்து சதவீதம் குறைவு. 60-ல் போனால் 54 காட்டும். அந்தத் தம்பி மீட்டரைத் திறக்கச் சொல்லித்தான் கொண்டுவந்தார். நான் மீட்டரைத் தொடவே இல்லை, வண்டிப் பேரைச் சொல்லி அசல் வாம் வாங்கி வரச் சொன்னேன்.

உங்களுடையது 67-க்கு 60. அதே பத்து சதவீதம்தான். அபராதத்தைக் கட்டிவிடுங்கள். மீட்டர் தப்பு என்பது ஓட்டினவருக்குத் தப்பிக்கும் வழி ஆகாது. அசல் வாமைப் போட்டு, கொடியை எண்ணிவிட்டு ரோட்டில் இறங்குங்கள்.

இன்னொன்றும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். சில வண்டிகளில் வேகத்தைச் சக்கரத்தில் பார்க்காமல் கியர்பாக்ஸில் பார்ப்பார்கள். அப்படிப்பட்ட வண்டியில் முன் ஸ்பிராக்கெட்டை 14 பல்லிலிருந்து 15 ஆக்கினால் வண்டி கூடுதல் வேகத்தில் ஓடும், மீட்டருக்கு அது தெரியாது. ஏழு சதவீதம் போல உண்மை மறைந்துவிடும். ஸ்பிராக்கெட் மாற்றுகிற பையன்கள் இதைக் கேட்டுக்கொள்ளட்டும்.

டிஜிட்டல் மீட்டரை அளவு சரி செய்ய முடியுமா? – பொள்ளாச்சி வாசகர்

கம்பெனி மீட்டரில் பெரும்பாலும் முடியாது. சக்கரத்தில் இருக்கும் பல்வளையம் சென்சாரைத் தாண்டும்போதெல்லாம் ஒரு துடிப்பு. துடிப்பை எண்ணி, உள்ளே எழுதி வைத்த சுற்றளவால் பெருக்கிக் காட்டுகிறது. ஸ்பிரிங்கும் இல்லை, காந்தக் கிண்ணமும் இல்லை, எனக்கு வேலையும் இல்லை. திடீரென்று குறைத்துக் காட்டினால் சென்சார் முனையில் இரும்புத் தூள் அப்பியிருக்கிறதா என்று துடைத்துப் பாருங்கள். தனியாக வாங்கி மாட்டும் மீட்டர் என்றால் பலவற்றில் சுற்றளவை மில்லிமீட்டரில் கேட்கும். அங்கே டயரில் எழுதியிருக்கும் எண்ணை வைத்துப் போடாதீர்கள். பெருந்துறைக்காரருக்குச் சொன்ன சாக்பீஸ் முறைதான்.

62,000 ஓடிய வண்டி. விற்கப் போகிறேன். 28,000-க்கு இறக்கித் தர எவ்வளவு ஆகும்? – பெயர் வேண்டாம்

பெயரைப் போடவில்லை, ஊரையும் போடவில்லை. வேலையும் செய்ய மாட்டேன். வாங்குகிறவர் அந்த எண்ணை நம்பித்தான் செயின் செட்டும் கிளட்சும் எப்போது மாற்ற வேண்டும் என்று கணக்குப் போடுவார். தெரிந்தே ஏமாற்றினால் மோசடி வழக்கு வரும், அது வேறு. 62,000-ஐச் சொல்லியே விற்றுப் பாருங்கள். சர்வீஸ் பில்லைக் காட்டினால் வாங்க ஆள் உண்டு.

தாத்தாவின் பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள் எங்கள் வீட்டில் இருக்கிறது. ஸ்மித்ஸ் மீட்டர், மைலில் காட்டுகிறது. முள் வழுக்கிக்கொண்டு ஏறாமல் விட்டு விட்டுத் துள்ளுகிறது. இது கேபிள் கோளாறா? கிலோமீட்டருக்கு மாற்ற முடியுமா? – காரைக்குடி வாசகர்

ஐயா, தயவுசெய்து கேபிளைக் காரணம் காட்டி யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். டயலில் குரோனோமெட்ரிக் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது காந்த மீட்டரே இல்லை. உள்ளே கடிகாரம் போல ஒரு யந்திரம். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை கேபிள் எத்தனை சுற்றியது என்று எண்ணி, முள்ளை அந்த இடத்துக்குக் கொண்டுபோய் வைக்கும். மறுபடி எண்ணும், மறுபடி வைக்கும். அதனால் துள்ளத்தான் செய்யும். நிலையான வேகத்தில் ஓட்டினால் ஒரே இடத்தில் நிற்கும். தாளம் போடும் முள்ளுக்கும் இதற்கும் அதுதான் வித்தியாசம். அந்தக் காலத்தில் காந்த மீட்டரைவிட இது துல்லியம். என் கைக்கு இதுவரை மூன்றே மூன்றுதான் வந்திருக்கின்றன. மூன்றையும் திறந்தபோது கை நடுங்கியது.

டயலில் 1600 போல ஓர் எண் இருந்தால் அது மைலுக்கு இத்தனை கேபிள் சுற்று என்று அர்த்தம். ஒரு மைல் 1.609 கிலோமீட்டர் என்பதால் கிலோமீட்டருக்கு ஆயிரம் சுற்றுக்குச் சற்றுக் குறைவு. மாற்ற வேண்டுமென்றால் டயலையும் தூரப் பற்சக்கரங்களையும் சேர்த்து மாற்ற வேண்டும். தாத்தா பார்த்த டயலைக் கழற்றி எறிய எனக்கு மனசு வராது. கண்ணாடிக்கு வெளியே, 37-க்கு நேராக வெள்ளைப் பெயிண்டில் ஒரு பொட்டு வையுங்கள். அதுதான் 60. 25-க்கு நேராக இன்னொரு பொட்டு, அது 40. நகம் வைத்துச் சுரண்டினால் வந்துவிடுகிற பெயிண்டாகப் பார்த்து வையுங்கள்.